சவ்வு பிரித்த உப்பு

கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றிய கரைசலைக் கத்தி விளிம்பால் ஒரே இழுப்பில் பரப்பிக்கொண்டிருந்தபோதுதான், தொலைபேசி வந்திருப்பதாக அலுவலகப் பியூன் வாசலில் நின்று சொன்னார். செவ்வந்தியால் பாதியில் கையை எடுக்க முடியாது. எடுத்தால் சவ்வில் வடு விழும். வடு விழுந்த இடத்தின் வழியே உப்பு நுழையும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து முடித்துத் தகட்டைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தினாள். தெளிந்திருந்த படலம் பால் படிந்தாற்போல் வெளுக்கத் தொடங்கியது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த வெளுப்பு அவளுக்குச் சலிப்பதில்லை. அன்று நின்று பார்க்கவில்லை. ஈரக் கையோடு ஓடினாள்.

மறுமுனையில் பக்கத்து வயல் பக்கிரி. தரங்கம்பாடிக் கடைத்தெருவில் இருந்து கத்தினார்.

"செவ்வந்தியா? ஒங்கப்பா நாத்தங்கால் கருகிப்போச்சும்மா! முந்தாநாள் பச்சுனு நின்னுச்சு. இப்பப் பார்த்தா தீயில வாட்டுன மாதிரி நுனியெல்லாம் பழுப்பு."

"எறால் குட்டைத் தண்ணியா, மாமா?"

"பின்ன வேற என்ன எளவு? நாளைக்கு ஆர்.டி.ஓ. வர்றாருல்ல, நல்லா வசமா மாட்டிக்கிட்டானுங்க. வீரையன் ஒன்னைய உடனே பொறப்பட்டு வரச் சொன்னாரு. அந்தச் சொட்டு விட்டுப் பார்க்குற சாமானையும் எடுத்துக்கிட்டு வா."

தொலைபேசியை வைத்தபோது அவளுக்குள் முதலில் எழுந்தது துயரம் அல்ல, ஒரு துள்ளல். சாட்சி கிடைத்துவிட்டது என்ற துள்ளல். தகப்பனின் நாற்று கருகியதற்கு மகள் மகிழ்வதா என்று அடுத்த கணமே தன்னை வெறுத்தாள். ஆயினும் பையில் கண்ணாடிக் குழாயையும் மருந்துப் புட்டிகளையும் அடுக்கும்போது கைகள் அவசரப்பட்டன. தஞ்சாவூரில் பேருந்து ஏறியதும் ஜன்னலோர இடம் கிடைத்தும் உட்காரப் பொறுக்காமல், கும்பகோணம் வரை படிக்கட்டருகே கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

பெருந்திடல், காவிரித் தண்ணீர் வந்தால் கடைசியாக வந்துசேரும் ஊர். வராவிட்டால் முதலில் காய்கிற ஊர். செவ்வந்தியின் தகப்பன் காத்தானும், விவசாயத் தொழிலாளர் சங்கத்தை ஊரில் கட்டிய வீரையனும், அவர்களையொத்த பண்ணையாட்களும் கொடி பிடித்து, அடிபட்டு, சிறையிருந்து, மிராசு குடும்பத்திடமிருந்து உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த உபரி நிலத்தில் ஆளுக்கொரு துண்டு பட்டா பெற்றவர்கள். கோட்டையில் ஆட்சி மாறும். வேட்டியின் கரை மாறும். இவர்கள் மட்டும் ஆண்டு தவறாமல் ஜமாபந்தியில் மனுவோடு நிற்பார்கள். அப்படி வாங்கிய நிலம். அதன் மேற்கே மிராசு குடும்பத்துக்கு எஞ்சியிருந்த வயல்கள், தொண்ணூறுக்குப் பிறகு இறால் வளர்க்கும் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயின. அந்தக் குடும்பத்துத் துரைராசுவே கம்பெனிக்கு மேலாளர் ஆனார். தெற்கே ஓடும் உப்பனாற்றிலிருந்து மோட்டார் வைத்து, நெல் விளைந்த மண்ணில் கடல்நீரை ஏற்றித் தேக்கினார்கள். இரண்டு வெள்ளாமை எடுப்பதற்குள் ஊர்க் கிணறுகள் கரித்தன.

செவ்வந்தி அந்த உப்பைப் பிரிக்கும் சவ்வைத்தான் தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் செய்துகொண்டிருந்தாள். சவ்வு பற்றி அங்கே அவளுக்குப் பாடம் எடுத்தவர் ஒருவருமில்லை. வெளிநாட்டுக் கட்டுரைகளை அகராதி வைத்துப் படித்து, கரைசல் கலந்து, கெடுத்து, மறுபடி கலந்து, தானே கற்றாள். சென்ற ஆண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் ஓர் இயந்திரத்தை நிறுத்தினாள். சவ்வைச் சுருட்டி அடைத்த குழாய்க்குள் கிணற்று நீரை அழுத்தித் தள்ளினால், ஒரு முனையில் குடிக்கும் நீரும் மறுமுனையில் உப்புக் கூடிய கழிவு நீரும் வரும். திறப்பு விழாப் பலகையில் பேராசிரியர் பெயர் இருந்தது. திறந்து வைத்த பிரமுகர் பெயர் இருந்தது. நன்கொடையாளர் பெயர்கூட இருந்தது. செய்தவள் பெயர் இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை, மறந்ததும் இல்லை.

ஊர்ப் புகாரை விசாரிக்க நாளை வரும் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. எழுதுகிற அறிக்கை ஒன்றுதான் கம்பெனியின் மோட்டாரை நிறுத்தக்கூடியது. நிறுத்தாவிட்டால், அடுத்த புரட்டாசிக்குப் பெருந்திடலில் நாற்று விட மண் இருக்காது.

ஊருக்குள் நுழைந்தபோது சங்கக் கொட்டகையில் கூட்டம் கல்யாண வீடுபோல் கலகலத்தது. வீரையன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவந்தார்.

"வா பாப்பா! ஒங்கப்பன் பட்டா வாங்குனதுக்கு இன்னிக்குத்தான் பிரயோசனம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் அந்த ஆபீசருக்கு? நாத்தைப் பிடுங்கி அவரு மூஞ்சிக்கு முன்னால நீட்டுறோம்."

"அப்பா எங்க, சித்தப்பா?"

"வயக்காட்டுலதான் கெடக்கான். எழவு வீட்டுக்காரன் மாதிரி ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறான்."

அவள் வயலுக்குப் போனாள். காத்தான் வரப்பில் குந்தியிருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்தார், மறுபடி குந்தினார். செவ்வந்தி செருப்பை விட்டுவிட்டு நாற்றங்காலைச் சுற்றி நடந்தாள். ஒரு சுற்று முடியுமுன்பே நடை தளர்ந்தது.

குட்டைகள் மேற்கே இருந்தன. உப்பு அங்கிருந்து ஊறி வந்திருந்தால் நாற்று மேற்கு ஓரத்தில் முதலில் கருகியிருக்க வேண்டும். மேற்கு ஓரம் பச்சையாக நின்றது. கருகல் தொடங்கியது கிழக்கு மூலையில். பள்ளிக்கூடம் நிற்கும் மேட்டை ஒட்டிய மூலையில். அங்கே வரப்பு ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வெட்டப்பட்டு, மறுபடி அவசரமாக மூடப்பட்டிருந்தது. வெட்டிலிருந்து மேலே பார்த்தாள். நேர்க்கோட்டில் இருந்தது, அவளுடைய இயந்திரத்தின் கழிவு நீர் விழும் குழி.

கழிவுக் குழாயை அவள் முதலில் புறம்போக்கு வழியாக உப்பனாறு வரைக்கும்தான் போட்டிருந்தாள். சித்திரையில் கம்பெனி அந்தப் புறம்போக்கில் கம்பிவேலி அடித்துக் குழாயை வேலியோடு அறுத்தெறிந்தது. வேறு வழி கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று குழி தோண்டி அதில் விட்டாள். வேறு வழியை அவள் தேடிக்கொண்டேதான் இருந்தாள், கிடைக்கவில்லை.

"யாருப்பா வெட்டுனது?"

காத்தான் துண்டால் முகத்தைத் துடைத்தார். பதில், சோற்றுத் தூக்கோடு வந்துகொண்டிருந்த அம்மா அம்சத்திடமிருந்து வந்தது.

"கேக்குறா இல்ல, சொல்லேன். வெட்டுனவரு இவருதான். ஆத்துல தண்ணி வரல, நாத்து சுருண்டு நிக்குது, மேட்டுல தண்ணி சும்மா கெடக்குதுன்னு ராத்திரியெல்லாம் பொலம்புனாரு. விடிஞ்சதும் மம்பட்டியைத் தூக்கிக்கிட்டாரு."

"அது உப்புத் தண்ணின்னு சொல்லியிருந்தேனேப்பா."

"சொன்ன." காத்தானின் குரல் வரப்பு மண்ணைப் பார்த்தே வந்தது. "நான் ஒண்ணும் கண்ண மூடிக்கிட்டு வெட்டல. மழை பேஞ்ச மறுநாள் குழியில கை விட்டு அள்ளி வாயில வச்சுப் பார்த்தேன். கரிக்கவே இல்ல. மேட்டு வடிகால் பள்ளத்துக்காரனுக்குத்தானே? பண்ணைக் காலத்துலயே அதை ஒருத்தனும் மறிச்சது கெடையாது. பக்கிரிகூடப் பார்த்துட்டு, ஒனக்கு அடிச்சுதுடா யோகம்னுட்டுப் போனான்."

செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டாள். மழை நீர் லேசு. உப்பு நீர் கனம். மழை குழியின் மேல் தங்கியிருக்கிறது. அடியில் உப்பு அசையாமல் கிடந்திருக்கிறது. தகப்பன் நாவில் வைத்தது மேல்தண்ணீர். வெட்டு வழியே நாற்றில் பாய்ந்தது அடித்தண்ணீர். வாய்க்கால் தண்ணீரை வாழ்நாளெல்லாம் பார்த்தவர், ஒரே குழிக்குள் இரண்டு தண்ணீர் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் என்று எங்கே பார்த்திருப்பார்? அவளாவது சொல்லியிருக்க வேண்டும். குழியைச் சுற்றி ஒரு வேலியாவது போட்டிருக்க வேண்டும்.

கொட்டகைக்குத் திரும்பி வீரையனைத் தனியே அழைத்துச் சொன்னாள். அவர் முகம் மெல்ல இறுகியது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"அம்மாவுக்கு. பக்கிரி மாமா வெட்டைப் பார்த்திருக்காரு, ஆனா அதனாலதான்னு தெரியாது."

"அப்படியே இருக்கட்டும். வரப்பு வெட்டை நல்லா மெழுகிடச் சொல்லு. குழியில மண்ணைத் தள்ளு."

"சித்தப்பா, கருகல் கெழக்கேர்ந்து தொடங்குது. கண்ணு உள்ளவன் பார்த்தாலே தெரியும்."

"ஆபீசர் செருப்புல சேறு படாம வரப்புல நின்னு எட்டிப் பார்த்துட்டுப் போவாரு. கெழக்கென்ன, மேக்கென்ன?" வீரையன் குரலைத் தாழ்த்தினார். "அவனுங்க பொய் சொல்லாத நாள் உண்டா? குட்டை தோண்டுறப்ப மீன் வளர்ப்புன்னு எழுதிக் குடுத்தானுங்க. நாம ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு நின்னா பாவமா? கெணறு கரிக்கிறது நெசம். நெலம் போறது நெசம். இந்த நாத்து ஒண்ணு மட்டும் இப்படி ஆயிடுச்சு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதானா என்பதுதான் அவளைப் படுத்தியது. சொன்னால், ஊர் இத்தனை ஆண்டு நடத்திய வழக்கு அவள் வாயாலேயே விழும். சொல்லாமல் விட்டு, துரைராசுவின் ஆள் ஒருவன் குழியைக் காட்டிவிட்டால், அதன்பின் கிணற்றைப் பற்றிச் சொல்லும் உண்மையையும் எவரும் நம்பமாட்டார்கள். வீட்டுக்குள் போனாள், வெளியே வந்தாள். அம்சம் போட்ட சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஊர்க் கிணறுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கக் கிளம்பினாள். என்ன தேடுகிறாள் என்று அவளுக்கே அப்போது தெளிவில்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவே. கடற்கரைப் பக்கம் மீனவர் தெருக் கிணற்றில் தொடங்கினாள். அங்கே தண்ணீரை வாயில் வைத்தவள், மறுபடி ஒரு வாய் அள்ளினாள். அதற்கப்புறம் அவள் நடை வேகமெடுத்தது.

மறுநாள் முற்பகல் ஜீப் வந்தது. ஆர்.டி.ஓ. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கைக்குட்டையைக் கழுத்துப்பட்டைக்குள் செருகியிருந்தார். துரைராசு வெள்ளை வேட்டியில் அவருக்கு முன்னே நடந்து வழி காட்டினார். வீரையன் கருகிய நாற்றுமுடி ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்கய்யா! இது புள்ளையைக் கொன்னு கையில குடுத்த மாதிரி இல்ல?"

ஆர்.டி.ஓ. நாற்றை வாங்கிப் புரட்டினார். "குட்டைத் தண்ணி ஊறி வந்துதான் இப்படி ஆச்சுங்கிறீங்க?"

வீரையன் வாய் திறக்குமுன் செவ்வந்தி முன்னே வந்தாள்.

"இல்லீங்கய்யா. இந்த நாத்து கருகுனது குட்டையால இல்ல. பள்ளிக்கூடத்துல நான் வச்சிருக்குற மிஷினோட கழிவுத் தண்ணி பாய்ஞ்சதால."

வீரையன் நாற்றுமுடிக் கையைத் தொங்கவிட்டார். துரைராசு மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா சார்? அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. காத்தான் மவ பெரிய படிப்புப் படிச்சு, மிஷினை வச்சு, அப்பன் நாத்தையே கருக்கிப்புட்டா! பழி எங்க தலையில. ஏண்டா காத்தான், இதுக்கா ஊரைக் கூட்டுனீங்க?"

"மரியாதையாப் பேசுங்க," என்றாள் செவ்வந்தி. "எங்கப்பாவுக்கு ஒங்களைவிட வயசு அதிகம்."

காத்தான் தலை நிமிரவில்லை. ஆர்.டி.ஓ. கைக்குட்டையை எடுத்துப் பிடரியைத் துடைத்தார். "அப்ப புகாரை வாபஸ் வாங்குறீங்களா?"

"நாத்துக்கு மட்டும்ங்கய்யா. மிஷின் உப்பை உண்டாக்காது, உள்ள போற தண்ணியில இருக்குற உப்பைப் பிரிச்சு ஒரு பக்கமாத் தள்ளும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக் கெணத்துத் தண்ணி நல்லாருந்தா அந்தக் கழிவுல நாத்து செழிச்சிருக்கும். கெணத்துக்கு உப்பு எங்கேர்ந்து வந்துச்சுங்கிறதுதான் எங்க புகாரு."

"கடலோரத்துக் கெணறு கரிக்காம இளநியா இனிக்கும்?" என்றார் துரைராசு. "கடல் எம்மாம் பக்கத்துல இருக்குன்னு தெரியலையா?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். பள்ளிக்கூட மேசை ஒன்றை வெளியே எடுத்துவரச் சொல்லி அதில் மூன்று கண்ணாடிக் குவளைகளை வைத்தாள். கடற்கரையை ஒட்டிய மீனவர் தெருக் கிணறு ஒன்று. ஊர் நடுவே பள்ளிக்கூடக் கிணறு ஒன்று. மேற்கே குட்டைக் கரையை ஒட்டிய தெருமுனைக் கிணறு ஒன்று. தண்ணீரை அவள் எடுக்கவில்லை; ஆர்.டி.ஓ.வின் டிரைவரையே வாளி விட்டு இறைத்துவரச் செய்தாள். குவளைகளில் மஞ்சள் மருந்தைக் கலந்து, கண்ணாடிக் குழாயில் வேறொரு மருந்தை நிரப்பினாள்.

"உப்பு தீர்ற வரைக்கும் மஞ்சளா இருக்கும். தீர்ந்ததும் செங்கல் நெறம் வரும். எதுக்குச் சொட்டு அதிகம் செலவாகுதோ அதுல உப்பு அதிகம். நீங்களே விடுங்கய்யா."

ஆர்.டி.ஓ. முதலில் தயங்கினார், பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயின் திருகைத் தொட்டார். கடலோரக் கிணற்று நீர் சில சொட்டிலேயே சிவந்துவிட்டது. பள்ளிக்கூட நீர் தயிர்போல வெளுத்துக் கலங்கி, வெகுநேரம் கழித்துச் சிவந்தது. குட்டையோரத்து நீருக்குக் குழாயை மறுபடி மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. கூட்டம் மேசையை நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"இன்னும் மஞ்சளாத்தான்யா இருக்கு!" என்றார் பக்கிரி. "குடிக்கிற பயலுக்கு ஊத்துற மாதிரி ஊத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான் போல."

ஒருவழியாகச் சிவந்தபோது ஆர்.டி.ஓ. நிமிர்ந்து முதலில் கிழக்கே பார்த்தார். பின்பு மேற்கே பார்த்தார்.

"கடலை விட்டுத் தள்ளிப் போகப் போக உப்பு ஏறுது," என்றார், தமக்குத் தாமே சொல்வதுபோல்.

"இதெல்லாம் அந்தப் பொண்ணு கொண்டாந்த மருந்து சார்..."

"அதனாலதான் அரசாங்க லேபுக்கு அனுப்பப் போறேன் மிஸ்டர் துரைராசு. ரிசல்ட் வர்ற வரைக்கும், நாளைக் காலையிலேர்ந்து ஆத்து மோட்டார் ஓடக் கூடாது." பிறகு செவ்வந்தியின் பக்கம் திரும்பினார். "ஒங்க மிஷினும் ஓடக் கூடாதும்மா. கழிவு ஆத்துக்குப் போய்ச்சேர வழி பண்ணிட்டு என்கிட்ட எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் பூட்டுதான். நீங்களே சொன்னதுதானே, நான் எப்படி எழுதாம விட முடியும்?"

மூன்று கிணற்று நீரையும் பாட்டில்களில் அடைத்து எடுத்துக்கொண்டு ஜீப் போன பிறகு யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. கிடைத்தது வெற்றியா தோல்வியா என்று பிடிபடாமல் ஆளுக்காள் முணுமுணுத்தார்கள். குடத்தோடு நின்ற பெண்களில் ஒருத்தி இயந்திரத்தின் பூட்டைத் தட்டிப் பார்த்தாள். "மறுபடியும் அந்தக் கரிப்புத் தண்ணியிலதான் ஒலை வைக்கணுமா?" என்று செவ்வந்தியின் காதில் விழும்படி கேட்டாள்.

வீரையன் மிதிவண்டியை எடுத்தார். அவள் அருகில் வந்தும் முகத்தைப் பார்க்கவில்லை.

"சித்தப்பா, எங்க போறீங்க?"

"ஜீப்புக்குப் பின்னாலயே. அந்தப் பாட்டிலுங்க லேபு வரைக்கும் மாறாமப் போய்ச் சேரணும்ல? நீ உண்மையைச் சொல்லிட்ட, சரி. அதை எவன் காவல் காக்குறது?" மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதில் தவறில்லை என்பதே அவளை மேலும் உலுக்கியது. ஆய்வுக்கூடத்தின் முடிவு எப்போது வரும், அதற்குள் எந்தக் கரைவேட்டி எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டும், யாருக்குத் தெரியும்? கிணற்றடிக்கும் வேலிக்கும் நடுவே அவள் மாறிமாறி நடந்தாள். புறம்போக்கில் வேலி. அதற்கு அப்பால் கம்பெனி நிலம். உப்பனாற்றுக்குப் போக ஒரே ஒரு வழி எஞ்சியிருந்தது. அதை அவள் நேற்றே கண்டிருந்தாள், சொல்லத்தான் வாய் வரவில்லை.

திரும்பிப் பார்த்தபோது காத்தான் தம் வயலின் கிழக்கு வரப்போரம் முளை அடித்துக்கொண்டிருந்தார். கயிற்றின் மறுமுனையைப் பக்கிரி பிடித்திருந்தார். அவள் ஓடினாள்.

"அப்பா, என்ன பண்றீங்க? இது பட்டா நெலம்!"

"பின்ன அடுத்தவன் நெலத்துலயா வெட்ட முடியும்?" காத்தான் கயிற்றை விண்ணென்று இழுத்துக் கட்டினார். "எம்மாம் அகலம் வேணும்?"

"வேண்டாம்ப்பா. இதை வாங்க நீங்க ஜெயில்ல..."

"அகலத்தைக் கேட்டேன்."

அவள் கணக்குப் போட்டாள். போட்டதைக் குறைத்துச் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டாள். "ரெண்டு மம்பட்டி. முழங்கால் ஆழம். அடியில களிமண் மெழுகி, மேல கனமான பிளாஸ்டிக் ஷீட் போடணும். இல்லைன்னா பக்கத்து மண்ணுல உப்பு ஊறிடும். போட்டாலும் கொஞ்சம் ஊறும்ப்பா. அந்த ஓரத்துல அப்புறம் நெல்லு வராது."

"அட, ஆண்டவனுக்கு விட்ட பங்குன்னு வச்சுக்கடா காத்தான்," என்றார் பக்கிரி.

"எவனுக்கும் விடல. ஊரு தண்ணி குடிக்கணும், அவ்வளவுதான்." காத்தான் முதல் வெட்டை வெட்டினார். ஈரமற்ற மண் கட்டியாகப் பெயர்ந்தது. "அப்ப நீ போயி ஷீட்டை வாங்கிட்டு வா. பொறையாறுல கெடைக்கும். நான் வெட்டிக்கிட்டு இருக்கேன்."

மேற்கே கம்பெனியின் மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, உத்தரவு நாளைக்குத்தான். அவள் ஒரு கணம் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள். பிறகு செருப்பைத் தேடக்கூடப் பொறுக்காமல் சாலையைப் பார்த்து நடந்தாள். பின்னால் காத்தான் கத்தினார்:

"அளவு எடுக்காமப் போறியே! குழியிலேர்ந்து ஆத்து வரைக்கும் காலடி எண்ணிக்கிட்டுப் போ!"

அவள் திரும்பிவந்து, கயிற்றோரமாக ஆற்றை நோக்கி எண்ணத் தொடங்கினாள்.